அப்பாவின் பெயரில் பதினொன்று, என் பெயரில் எட்டு

2019 மார்ச் மாதம் ஜோஹன்னஸ்பர்க்கில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முதுநிலை விரிவுரையாளர் பதவி உயர்வுக்கான என் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அது மட்டும் என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் காரணம் என்று இரண்டு வரி இருந்தது. நான் 23 ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டிருப்பதாகவும், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பதிவு செய்யும் தரவுத்தளத்தில் என் பெயரில் 11 கட்டுரைகள் மட்டுமே காணப்படுவதாகவும், மேற்கோள்களை வைத்து ஆராய்ச்சியாளருக்குப் போடும் எண்ணான எச்-குறியீடு எனக்கு 7 என்றும் அந்த வரிகள் சொல்லின. இல்லாத கட்டுரைகளை எழுதியதாகக் காட்டிப் பதவி கேட்டவன் என்று எங்கும் எழுதவில்லை; எழுதாமலேயே எனக்கு அப்படித்தான் கேட்டது. அன்று மாலை ஆய்வகத்தை விட்டு வெளியே வரவே கூச்சமாக இருந்தது. இந்தக் கூச்சத்தை விட்டு வெளியே வர எனக்கு 26 மாதங்கள் பிடித்தன. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இந்த நாட்டுக்கு ஆராய்ச்சிக்கு வரப்போகிறவர்களும், இங்கேயே பிறந்து இந்தத் துறைக்குள் நுழையும் நம் பிள்ளைகளும் அந்த 26 மாதங்களைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் லால்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். 2008-இல் முனைவர் பட்டத்துக்காக இங்கு வந்தேன். என் துறை புவிவேதியியல். அதிலும் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் அமில நீர். 1886-இல் இன்றைய ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள லாங்லாக்டேயில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டைத் தோண்டித் தோண்டி எடுத்த பாறையில் தங்கத்தோடு பைரைட்டும் யுரேனியமும் வந்தன. தங்கம் போய்விட்டது, மற்ற இரண்டும் நகரத்தைச் சுற்றி மஞ்சள் குன்றுகளாகக் கிடக்கின்றன. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதன் மேல் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். கைவிடப்பட்ட சுரங்கங்களில் இறைப்பு நின்றதும் நீர் மெல்ல மெல்ல ஏறி, 2002-இல் க்ரூகர்ஸ்டார்ப், ராண்ட்ஃபோன்டேன் பக்கத்தில் தரைக்கு மேலேயே வழியத் தொடங்கியது. இதை அப்பாவிடம் தொலைபேசியில் விளக்கியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தத் தண்ணியில பயிர் ஏறுமாப்பா?" என்பதுதான். என் பத்தாண்டு ஆராய்ச்சியின் சாரமும் அந்தக் கேள்விதான் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

ஒரு கட்டுரைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை வெளியில் உள்ளவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மழைக்காலம் ஒன்று, வறண்ட குளிர்காலம் ஒன்று என்று இரண்டு பருவத்தில் நீர் மாதிரி எடுக்க வேண்டும், ஓடையோரத்திலேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும், நீரில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தரப்படுத்தப்பட்ட மாதிரியோடு ஒப்பிட்டு எண்கள் சரியா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் எழுதவே உட்கார முடியும். முதல் மாதிரியிலிருந்து அச்சேறிய கட்டுரை வரை இரண்டு ஆண்டு என்பது வேகமான கணக்கு. அப்படி எழுதியவற்றில் பாதிக்கும் மேல் கணக்கில் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோளாறு என் பெயரிலேயே இருந்தது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். கடவுச்சீட்டு வாங்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை என்று முகவர் சொன்னதால், அதில் அப்பாவின் பெயரை நிரப்பினேன். இங்கே வந்ததும் வங்கியில், பல்கலைக்கழக அட்டையில், வாடகை ஒப்பந்தத்தில் என்று எல்லா இடத்திலும் நான் அப்பாவின் பெயரால் அழைக்கப்பட்டேன். 2010-இல் வந்த என் முதல் கட்டுரையில் வழிகாட்டிப் பேராசிரியர் கடவுச்சீட்டில் உள்ளபடியே போட்டார். ஆகவே உலகத்துக்கு அந்தக் கட்டுரையை எழுதியவர் என் அப்பா. இரண்டாவது கட்டுரையில் எனக்கு ரோஷம் வந்து, ஊரில் எழுதுவது போல முதலெழுத்தும் என் பெயருமாகக் கொடுத்தேன். இந்தியாவில் உள்ள நண்பர்களோடு சேர்ந்து எழுதியவற்றில் அவர்கள் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு ஆய்விதழில் அச்சுக்கோப்பவர் என் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். மெய்ப்பைப் பார்த்தபோது அட்டவணையில் உள்ள எண்களையெல்லாம் இரண்டு முறை சரிபார்த்த நான், என் பெயரைச் சரிபார்க்கவில்லை. பிழையான பெயரோடு அடுத்த கட்டுரையும் அதே இதழில் வந்தது, ஏனென்றால் அவர்களுடைய கணினி பழைய பெயரையே எடுத்துப் போட்டுக்கொண்டது. இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. யாராவது என்னை மேற்கோள் காட்டினால் மகிழ்ச்சியாக இருக்கும். எந்தப் பெயரில் காட்டினார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கடிதம் வந்து பத்து நாள் கழித்து நூலகத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் பிரிவில் இருந்த ஓர் அக்காவிடம் போனேன். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு ஆங்கிலத்தில்தான், என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவதும், தன் பாட்டியை "ஆயா" என்று சொல்வதும், காவடி மாதத்தில் மரக்கறி மட்டும் சாப்பிடுவதும் அவரிடம் மிச்சமிருந்த தமிழ். அவர் என் கட்டுரைப் பட்டியலை வாங்கி, தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினார். ஒரு மணி நேரத்தில் நான் நாலு பேர் என்று தெரிந்தது. அப்பாவின் பெயரில் 11, என் பெயரில் 8, பிழையான பெயரில் 2. மீதி 2 கட்டுரைகள் என் பெயரையே கொண்ட, மருந்து வேதியியலில் வேலை செய்யும், நான் பார்த்தேயிராத ஒருவருடைய கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த மனிதர் க்ரூகர்ஸ்டார்ப் ஓடையின் அமிலத்தன்மையை அளந்தவராக எங்கோ மதிப்போடு இருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. தன் பெயரின் கடைசியில் உள்ள கோவெண்டர் என்பது என்ன என்று தெரியுமா என்று கேட்டார். கவுண்டர் என்பதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது என்றார். முதலியார் மூட்லி ஆனதும் படையாட்சி பாடயாச்சி ஆனதும் அப்படித்தான். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர் எப்படிச் சிதைந்தாலும் அந்த எண்ணை வைத்துத்தான் இன்றும் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். "தம்பி, உனக்கும் இப்போது ஓர் எண் வாங்க வேண்டும்" என்றார். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயருக்கு ஒரு கட்டமும் தகப்பன் பெயருக்குத் தனியாக ஒரு கட்டமும் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். இன்றைய ஆய்விதழ்களின் படிவங்களில் அது இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன குமாஸ்தா அந்த ஒரு விஷயத்தில் இவர்களைவிடத் தேவலை.

அவர் சொன்ன எண் ஆர்சிட் எண், ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உரிய அடையாள எண். 16 இலக்கம், 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது, லாப நோக்கமில்லாத அமைப்பு கொடுப்பது, காசு கிடையாது, வாங்க ஐந்து நிமிடம் போதும். நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், விளம்பர வேலை என்று ஒதுக்கியிருந்தேன். முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய முதல் காரியம். கட்டுரையை அனுப்பும் படிவத்தில் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், அச்சானதும் பதிவு தானாகவே வந்து சேரும்படி அனுமதி கொடுக்க முடியும். இரண்டாவது, வாழ்நாள் முழுதும் அச்சில் எந்தப் பெயர் என்பதை அன்றே முடிவு செய்து, அதை ஒரு தாளில் எழுதி உடன் எழுதுபவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். முதலெழுத்து மட்டும் போதாது. இரண்டு பெயரையும் முழுமையாக எழுதுவதே நல்லது, ஏனென்றால் ஒற்றை எழுத்தும் ஒரு பொதுப் பெயரும் சேர்ந்தால் உங்களைப் போல் நாற்பது பேர் இருப்பார்கள். எந்தப் பெயர் முன்னால், எது பின்னால் என்பதில் உங்கள் சுயமரியாதை என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், ஆனால் ஒரு முறை கேட்டபின் மாற்றாதீர்கள். என் விஷயத்தில் அதிகக் கட்டுரைகள் அப்பாவின் பெயரில் இருந்ததால், அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இரண்டாவது கட்டுரையில் பிடித்த பிடிவாதத்தை விடுவது எளிதாக இல்லை. செய்தியைச் சொன்னபோது அப்பா, "என் பேரு அங்க எதுக்குப்பா, எனக்கு என்ன தெரியும்?" என்றார். சங்கடத்தோடு சொன்னாரா சந்தோஷத்தோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு கணக்குகளையும் ஒன்றாக்குவதற்கு ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் முதல் பக்கம், அதில் உள்ள மின்னஞ்சல் முகவரி, அந்த ஆண்டில் நான் எந்த நிறுவனத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு தவறு செய்திருந்தேன். பழைய கட்டுரைகளில் நான் கொடுத்திருந்த மின்னஞ்சல், மாணவனாக இருந்தபோது பல்கலைக்கழகம் கொடுத்தது. பட்டம் வாங்கிய பின் அது செத்துப்போனது. அது நான்தான் என்று நிரூபிக்க, அந்த முகவரி என் பெயரில் இருந்ததற்கான கடிதத்தைத் தேடி ஒரு மாதம் அலைந்தேன். ஆர்சிட் கணக்கில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதும் விதத்தையும் மாற்றாதீர்கள். இந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுக்கிறது, ஆசிரியர்கள் எந்தெந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பொறுத்து அது பங்கு பிரிகிறது. முகவரியைத் தவறாக எழுதினால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கும் நட்டம். அவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

எல்லாம் ஒன்றானபோது என் எச்-குறியீடு 7-இலிருந்து 12 ஆனது. ஒரு புதிய வரிகூட நான் எழுதவில்லை. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த இந்தக் குறியீட்டின் கணக்கு எளிது: ஒருவருடைய கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 12. ஆகவே கட்டுரைகளை இரண்டு பெயரில் பிரித்துவிட்டால் எண்ணும் உடைந்துபோகிறது. ஒன்றில் 7, மற்றொன்றில் 6 என்று இரண்டு சுமாரான மனிதர்கள் தெரிவார்கள். பதவி உயர்வுக் குழுவினர் பார்த்தது அவர்களில் ஒருவரை.

இனி நான் வெட்கப்படும் பகுதிக்கு வருகிறேன். 2015-இல் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், கட்டுரை எண்ணிக்கையைச் சீக்கிரம் கூட்ட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. அப்போது ஒரு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று அழைத்திருந்தார்கள்; அதுவரை யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. ஐந்தே நாளில் மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காத அந்த மதிப்பீட்டில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 650 டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 8,000 ராண்ட், சொந்தப் பணத்திலிருந்து கட்டினேன். பணம் கட்டிய பிறகுதான் ஆசிரியர் குழுப் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். அதில் இருந்த ஒருவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். திரும்பப் பெறுவதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். மறுத்தேன், மறுநாளே அதை வெளியிட்டுவிட்டார்கள். பணம் போனது பெரிதில்லை. இரண்டு குளிர்காலம் விடியற்காலையில் விரல் மரத்துப்போக எடுத்த மாதிரிகளின் முடிவுகள் அதில் இருந்தன. ஒருமுறை வெளியானதை வேறு நல்ல இதழுக்கு அனுப்ப முடியாது. அந்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றை யாரும் நம்பப் போவதில்லை. அந்தக் கட்டுரையை 23-இல் நான் சேர்க்கவில்லை. இப்போது என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இதழ் நமக்குக் கடிதம் எழுதினால் சந்தேகப்படு, நாம்தான் இதழுக்கு எழுத வேண்டும். உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அது இந்த ஆண்டும் இருக்கிறதா என்று பார், சென்ற ஆண்டு இருந்தது போதாது. ஆசிரியர் குழுவில் இருவருடைய சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்களே அந்த இதழைச் சொல்லியிருக்கிறார்களா என்று பார். உன் படிப்பில் நீ மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று எண்ணிப் பார். அதில் ஒரு முறைகூட வராத இதழுக்கு உன் கட்டுரையைக் கொடுக்காதே.

எங்கள் துறைக்கே உரிய இன்னொரு இழப்பும் உண்டு. புவிவேதியியலாளன் கொடுப்பது பெரும்பாலும் எண்கள்தான். ஒரு பாறையிலோ நீரிலோ எந்தத் தனிமம் எத்தனை பங்கு என்ற அட்டவணையைப் பிறர் எடுத்து, ஆயிரக்கணக்கான மாதிரிகளோடு சேர்த்துப் பெரிய தொகுப்பு செய்வார்கள். அப்படிச் செய்பவர்கள் தரவு எங்கிருந்து வந்தது என்ற நீண்ட பட்டியலைப் பெரும்பாலும் கட்டுரையின் இணைப்புக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். இணைப்புக் கோப்பில் உள்ள மேற்கோள்களைத் தரவுத்தளங்கள் பொதுவாக எண்ணுவதில்லை. என் யுரேனிய அளவுகள் நான் அறிந்தே மூன்று தொகுப்புகளில் இருக்கின்றன. அவற்றால் எனக்கு வந்த மேற்கோள் பூஜ்யம். இதற்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் தரவை மட்டும் தனியாக ஒரு தரவுக் களஞ்சியத்தில் இட்டு, அதற்கென்று நிலையான அடையாள எண் வாங்கி, கட்டுரையிலும் அதைக் குறிப்பிட்டுவிட்டால், தொகுப்பவர்கள் அதை முறையான மேற்கோள் பட்டியலில் சேர்க்க வாய்ப்பு கூடுகிறது. மாதிரிகளுக்கும் அவ்வாறே உலகளாவிய எண் வாங்கலாம். "கே-7", "கே-7-புதியது" என்று குப்பியில் பேனாவால் எழுதி வைத்தவன் சொல்கிறேன், இதை முதல் நாளே செய்யுங்கள்.

அறிக்கைகளின் கதையும் இப்படித்தான். மூன்று ஆண்டுகள் வேலை செய்து, ஓடைநீரைப் பயன்படுத்தும் மக்களுக்காக நாங்கள் எழுதிய ஓர் அறிக்கைதான் என் வேலைகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது என்று நினைக்கிறேன். ஊர்க்கூட்டங்களில் அதன் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுவருவார்கள். எந்தக் குறியீட்டிலும் அது இல்லை. துறைக்குள்ளே இதற்கு முன்னுதாரணம் பெரியது. விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் சொன்ன அமெரிக்கப் புவிவேதியியலாளர் க்ளேர் பேட்டர்சன், தன் ஆய்வகத்துக்குள் எங்கிருந்தோ வந்து சேரும் ஈயத்தை விரட்டப் போராடியதன் மூலமாகத்தான் காற்றிலும் கடலிலும் மனிதன் கலந்த ஈயம் எவ்வளவு என்பதைக் கண்டார். 1965-இல் அதை எழுதினார். பெட்ரோலில் ஈயம் கலந்துவந்த எண்ணெய்த் தொழிலுக்கு அது பிடிக்கவில்லை. காற்றிலுள்ள ஈயம் பற்றி அமெரிக்காவில் 1971-இல் அமைந்த நிபுணர் குழுவில் அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரியில்தான் நின்றது. நான் வந்து இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்னால். ஜோஹன்னஸ்பர்க் நெடுஞ்சாலையோரம் வளரும் ஒரு பிள்ளையின் இரத்தத்தில் குறைந்திருக்கும் ஈயத்தை எந்த மேற்கோள் பட்டியலில் தேடுவது? என்னை அவரோடு ஒப்பிடவில்லை. ஆராய்ச்சியின் தாக்கம் என்ற சொல்லை எச்-குறியீட்டுக்கு மட்டும் தாரை வார்த்துவிட்டோம் என்ற என் ஆதங்கத்தைச் சொல்கிறேன்.

எண்களைப் படிக்கும் முறையிலும் எங்கள் துறையினரே சறுக்குவதுதான் எனக்கு வியப்பு. பிற்பாடு கேப்டவுனில் பேராசிரியரான லூயி ஆரென்ஸ் 1954-இல் எழுதிய கட்டுரையில், பாறைகளில் தனிமங்களின் அளவு சமச்சீராகப் பரவுவதில்லை, பெரும்பாலானவற்றில் கொஞ்சமும் மிகச் சிலவற்றில் மிக அதிகமாகவும் இருக்கிறது, அளவின் மடக்கையை எடுத்தால்தான் சமச்சீர் வருகிறது என்றார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே டேனியல் க்ரீஹ என்ற சுரங்கப் பொறியாளர், இதே விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கத் தரத்தை மதிப்பிடும்போது சாதாரணச் சராசரி ஏமாற்றும் என்பதை விட்ஸ் பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டினார். உலகம் முழுதும் இன்று க்ரிகிங் என்று சொல்லும் முறைக்கு அவர் பெயர்தான். கட்டுரைகளின் மேற்கோள்களும் தங்கம் போலத்தான் பரவியிருக்கின்றன. ஓர் இதழில் வந்த கட்டுரைகளில் மிகச் சில நூற்றுக்கணக்கில் மேற்கோள் பெறும். பெரும்பாலானவை விரல் விட்டு எண்ணும்படி பெறும். அந்த இதழின் தாக்கக் காரணி என்று சொல்லும் எண்ணோ அந்த மேற்கோள்களின் வெறும் சராசரி. ஒரு துளைமாதிரியில் தங்கக் கட்டி ஒன்று அகப்பட்டதென்று சுரங்கம் முழுதுக்கும் அந்தத் தரத்தைச் சொல்பவனை வேலையை விட்டு நீக்குவோம். இதழின் சராசரியை எடுத்து ஒருவன் எழுதிய ஒற்றைக் கட்டுரைக்கு மதிப்பு போடுபவரைக் குழுத் தலைவராக்குகிறோம். இதழின் எண்ணைக் கொண்டு ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கையே எழுதினார்கள். டோரா என்று சொல்கிறார்கள். உங்கள் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். இட்டிருந்தால் விண்ணப்பத்தில் அதைப் பணிவாக நினைவூட்டலாம்.

இரண்டாவது விண்ணப்பத்தை 2021-இல் எழுதியபோது எண்களை முதல் பக்கத்தில் வைத்தேன், ஆனால் அங்கேயே விடவில்லை. எந்தக் கட்டுரையில் நான் செய்த வேலை எது, மாதிரி எடுத்தது யார், அளந்தது யார், எழுதியது யார் என்று ஐந்து கட்டுரைகளுக்கு விவரமாக எழுதினேன். என்னை மேற்கோள் காட்டியவர்கள் எதற்காகக் காட்டினார்கள் என்று வாசித்துப் பார்த்தேன். பாதிப் பேர் முன்னுரையில் ஒரு வரியோடு போய்விட்டார்கள், ஆறு பேர் என் முறையையே எடுத்துத் தங்கள் நாட்டு ஓடைகளில் செய்திருந்தார்கள். அந்த ஆறு பேரைத்தான் எழுதினேன். அறிக்கையைப் பயன்படுத்திய நீர்ப் பயனாளர் கூட்டத்தின் கடிதத்தை இணைத்தேன். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தரமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இது உதவும். அங்கே கடைசி எட்டு ஆண்டுகளின் வேலையைத் துறை வல்லுநர்கள் வாசித்துத்தான் கருத்து எழுதுகிறார்கள், ஆகவே அவர்கள் வாசிப்பதற்கு ஏற்றபடி சொல்வது நம் கடமை. இடையில் ஒருவர், "நீங்கள் எங்களை மேற்கோள் காட்டுங்கள், நாங்கள் உங்களைக் காட்டுகிறோம்" என்று ஒரு குழுவில் சேர அழைத்தார். 8,000 ராண்ட் கட்டிக் கற்ற பாடம் அப்போது கைகொடுத்தது, பதில் எழுதவில்லை.

2021 மே மாதம் பதவி உயர்வு வந்தது. இரண்டு சம்பளங்களுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் சுமார் 8,000 ராண்ட்; 26 மாதத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். முன்தேதியிட்டுக் கொடுக்க மாட்டார்கள். முதல் கடிதத்தில் இருந்த வரிகளுக்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பெயரை நானே ஒழுங்காக எழுதாதபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூலக அக்காவுக்கு லெனேஷியாவில் வாங்கிய இனிப்புப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுரைகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று கேட்டார். பிழையான பெயரில் இருந்த இரண்டும் வந்துவிட்டன. மருந்து வேதியியலாளர் கணக்கிலிருந்து ஒன்று வந்தது. இன்னொன்று வந்து, ஆறு மாதம் கழித்துத் தரவுத்தளத்தைப் புதுப்பித்தபோது மறுபடியும் அவரிடமே போய்விட்டது. அதற்காக மூன்றாவது முறையாக மனு அனுப்பியிருக்கிறேன்.